தாம்பூலத் தட்டோடு கலங்கரை விளக்கத்துக்கு

அந்தப் பயணத்தை என் வீட்டுக்காரர் நாலு பேர் கூடிய இடத்தில் எல்லாம் கதையாகச் சொல்வார். மழை, மண்சரிவு, ராணுவச் சோதனைச் சாவடி, கடைசியில் கடற்கரை மணலிலேயே ஜீப்பை ஓட்டிக்கொண்டு போய்க் கலங்கரை விளக்கத்தின் காலடியில் நிறுத்தியது. கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். எனக்கு நினைவிருப்பதெல்லாம் இடுப்பு வலியும், காயாத சேலையும், பின்சீட்டில் பித்தளைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்த அம்மாவும்தான்.

தங்கைக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தோம். மாப்பிள்ளை வீடு ஆயர் தாவார் ஊரில். நல்ல மனிதர்கள். ஐப்பசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தக் கேள்வியைக் கேட்கும்வரை எனக்கு அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. சம்பந்தியம்மா காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணுக்கு அப்பா இருக்காரா, இல்லையா? இருந்தா வந்து தாரை வார்க்கட்டும். வர முடியலேன்னாலும் பரவால்ல, இருக்காருன்னு தெரிஞ்சா போதும், அம்மா மேடையில நிக்கலாம். ஒண்ணுமே தெரியாம அவங்க பூவும் பொட்டுமா நின்னு, நாளைக்கு வேற மாதிரி சேதி வந்தா, எங்க புள்ள கட்டுற தாலிக்கு ஆகாதுல்ல."

நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

அந்தக் கேள்வியில் தப்பு இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். அப்பா இருக்கிறாரா இல்லையா என்று எங்களுக்கே தெரியாது. பேராக் மாநிலத்தில் கோலா கங்சார் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். மலேசியக் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கெல்லாம் வேலை போன காலம் அது. அப்பாவுக்கும் போனது. கிழக்குக் கரையில் மரம் வெட்டும் வேலை இருக்கிறது, மழைக்காலம் முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். தங்கை அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். ஒரு தடவை யாரிடமோ செய்தி சொல்லி அனுப்பினார். ஒரு தடவை எங்கள் இரண்டு பேருக்கும் கவுன் துணி வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. அவரோடு போன ஆட்களிடம் கேட்டால் ஒருவர் சிங்கப்பூர் என்பார், ஒருவர் காட்டுக் காய்ச்சல் என்பார்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அம்மா எங்களை இழுத்துக்கொண்டு ஈப்போவுக்கு வந்தாள். புந்தோங்கில் ஒரு கொட்டகையில் கச்சாங் பூத்தே வறுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பெரிய வாணலி, கொதிக்கிற எண்ணெய், கடலை, பட்டாணி, முறுக்கு. நாள் முழுக்க அந்தப் புகையில் நின்று வேர்த்து வழிந்தாலும் நெற்றியில் காசளவு குங்குமம் அழியாமல் இருக்கும். அழிந்தால் உடனே வைத்துக்கொள்வாள். எனக்கு அந்தப் பொட்டைப் பார்த்தாலே எரியும். ஓடிப்போன ஆளுக்கு இது ஒன்றுதான் குறைச்சல் என்று அவள் காதுபடவே சொல்லியிருக்கிறேன். "ஒனக்குத் தெரியாது, சும்மா இரு" என்பாள்.

சம்பந்தி வீட்டார் வந்துபோன சில நாளில் கொட்டகைக்கு ஒரு லாரிக்காரர் வந்தார். கிழக்குக் கரையிலிருந்து ஈப்போ சந்தைக்கு மீன் ஏற்றி வருகிற தமிழர். கடலை வாங்க வந்தவர் பேச்சுவாக்கில் சொன்னாராம்: அந்தப் பக்கம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு முனையில் கலங்கரை விளக்கம் இருக்கிறது, அங்கே எடுபிடி வேலைக்கு ஒரு தமிழாள் இருக்கிறார், பேராக்கில் ஏதோ தோட்டத்து ஆள், இடது கையில் இரண்டு விரல் பாதிதான் இருக்கும். அம்மாவுக்குக் கரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது. அப்பாவுக்கும் இடது கையில் இரண்டு விரல் பாதிதான். தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டுகிற மிஷினில் போனது.

"ஒங்க வீட்டுக்காரர் பேரு என்னாக்கா?" என்று லாரிக்காரர் கேட்டிருக்கிறார். அம்மா எப்படிச் சொல்வாள்? தாலி கட்டிய நாள் முதல் புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னது கிடையாது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி கேட்டால்கூட என் விலாவில் இடிப்பாள், நான்தான் சொல்வேன். அன்றைக்கு நான் பக்கத்தில் இல்லை, துணிக்கடையில் வேலைக்குப் போயிருந்தேன். அதனால் அம்மா தனக்குத் தெரிந்த வழியில் சொல்லியிருக்கிறாள். "அதான், வேல வச்சிக்கிட்டு மலை மேல நிக்கிறாரே, அவரு பேரு."

லாரிக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாக்கா, அவருக்கும் முருகன் பேருதான் ஏதோ ஒண்ணு. நாங்கல்லாம் அண்ணேன்னுதான் கூப்புடுவோம். அவரேதான் போல" என்றாராம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதைக் கேட்டதும் நான் தலையில் அடித்துக்கொண்டேன். "முருகன் பேரு எத்தனைம்மா இருக்கு? இந்தத் தெருவுல கல்ல விட்டெறிஞ்சா அந்தப் பேருக்காரன் ஒருத்தன் மேலதான் விழும்."

"விரலும் அப்படித்தானே இருக்காம்."

"அந்த மிஷினு எத்தனை பேரு விரலத் தின்னிருக்கும்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் அம்மா. "அதுக்காகப் போயிப் பாக்காம இருக்கச் சொல்றியா?"

லாரிக்காரர் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தார். மழைக்காலத்தில் அவர் எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. கலங்கரை விளக்கத்தில் தொலைபேசி கிடையாது. மார்கழி பிறந்துவிட்டால் கல்யாணத்துக்கு அழைப்பு வைக்க முடியாது. அம்மா முடிவு செய்துவிட்டாள். நேரில் போய் வெற்றிலை பாக்கு, வேட்டி துண்டு வைத்து முறையாக அழைக்க வேண்டும். அப்படி அழைத்தால் எந்த மனிதனும் வராமல் இருக்க மாட்டான் என்பது அவள் கணக்கு. கட்டின புருஷனையே தாம்பூலம் வைத்து மகள் கல்யாணத்துக்குக் கூப்பிடப் போகிற பொம்பளை உலகத்திலேயே நீதான் என்றேன். அவள் பித்தளைத் தட்டைத் துலக்கப் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் ஒரு வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக். ஏதோ ஒரு தோட்டத்தில் துரை ஓட்டித் தள்ளிய பழைய ஜீப்பு ஒன்று அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஞாயிறு தவறாமல் அதன் அடியில் படுத்துக் கிடந்து அதற்கு உயிர் கொடுத்திருந்தார். அத்தையின் கஷ்டத்துக்காகத்தான் வண்டியை எடுக்கிறேன் என்று அவர் சொன்னார். வண்டியைத் தூரப் பாதையில் விட்டுப் பார்க்க மனுஷனுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியாதா.

விடியற்காலையில் அம்மா குளித்துவிட்டுத் தட்டோடு வந்தாள். ஜீப்பின் பின்பக்கம் நின்றுகொண்டே இருந்தாள். தோட்டத்தில் இந்த மாதிரி வண்டி வந்தால் பால்வாளியோடு ஓரத்துக் கான் வாய்க்காலில் இறங்கி நிற்பது அவளுக்குப் பழக்கம். "செருப்பக் கழட்டணுமா?" என்று என்னிடம் கேட்டாள். ஏறித் தொலையேன்மா என்று நான் சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. அவள் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறினாள்.

அம்மா மருமகனோடு நேருக்கு நேர் பேச மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். ஆகவே அந்தச் சின்ன வண்டிக்குள் எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான் போய் வந்தது. "மாப்பிள்ளைக்குப் பசிக்குதான்னு கேளு." "பசிக்கலன்னு அத்தைகிட்ட சொல்லு." "தூக்கம் வந்தா நிப்பாட்டச் சொல்லு." "தூக்கம்லாம் இல்லன்னு சொல்லு." எஞ்சின் சத்தத்தில் ஒருவர் சொன்னது அடுத்தவருக்குக் கேட்கும், இருந்தாலும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். கோலா கங்சார் தாண்டும்போதே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. எங்கள் பழைய தோட்டத்துக்குப் பிரிகிற பாதை வந்தது, போனது. அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கிரிக் வரைக்கும் மழை இல்லை. அங்கிருந்து மலையை வெட்டிக் கிழக்கே போகிற நெடுஞ்சாலை அப்போது புதுசு. ஏறத் தொடங்கியதும் வானம் கிழிந்துகொண்டது. சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் மழைக்கோட்டோடு வந்து கையை ஆட்டினார். மேலே மண் சரிந்துவிட்டது, திரும்பிப் போங்கள் என்றார். கிரிக்குக்கே திரும்பி ஒரு சீனர் கடை மாடியில் தங்கினோம். கொசு பிடுங்கித் தின்றது. மறுநாள் மத்தியானத்துக்கு மேல்தான் ஒரு பக்கத்தை மட்டும் திறந்தார்கள்.

அந்த மலைப்பாதையை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். பத்தடி தூரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாத மூடுபனி. ஜீப்பின் மேல் கித்தான் கூரை, அதில் தையல் விட்ட இடத்தில் எல்லாம் ஒழுகியது. என் தோள் நனைந்து, பிறகு மடி நனைந்து, கடைசியில் நனையாத இடம் எது என்று தேட வேண்டியதாகிவிட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் முதுகெலும்பு ஒரு தடவை கழன்று மாட்டியது. அம்மா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். வண்டியை நிறுத்தி இறங்கும்போது தட்டை என் கையில் கொடுப்பாள், வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து திரும்ப வாங்கிக்கொள்வாள். தட்டை நனையாமல் ஒரு மழைக்கோட்டில் சுற்றி வைத்திருந்தாள். அது அவள் போட்டிருக்க வேண்டிய மழைக்கோட்டு.

"திரும்பிப் போலாம்மா" என்றேன். "அவரு அங்க இருந்தாலும் இருக்கட்டும். சம்பந்திகிட்ட ஏதாச்சும் சொல்லிக்கலாம்."

"நீ வேணும்னா எறங்கிக்க" என்றாள்.

நடுக்காட்டில் எங்கே இறங்குவது? வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் உற்சாகமாகக் கியரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர்மேலும் எனக்குக் கோபம்தான்.

கிழக்குக் கரையில் இறங்கியபோது வயலும் பாதையும் ஒரே தண்ணீராக இருந்தது. வழி கேட்டால் ஆட்கள் நல்லபடியாகத்தான் பதில் சொன்னார்கள், ஆனால் அந்தப் பக்கத்து மலாய் எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. பேராக்கில் பிறந்து சந்தையில் மலாயில் சண்டையே போடுகிறவள் நான். எனக்கே அந்த நிலை. இரண்டு தடவை தப்பான முனைக்குப் போய்த் திரும்பினோம். கலங்கரை விளக்கத்துக்கு மலாயில் ரூமா ஆப்பி என்று பெயர். அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் கித்தானை விலக்கி, "ரூமா ஆப்பி தெரியுதான்னு கேளு" என்றுகொண்டே வந்தாள்.

மூன்றாம் நாள் காலை தட்டைப் பிரித்துப் பார்த்தாள். வாழையிலையில் ஈரத்துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த வெற்றிலை கறுத்துப்போயிருந்தது. அன்றைக்குத்தான் அவள் முகம் முதல் தடவையாக விழுந்தது.

"வாடின வெத்தலையக் குடுத்து அழைச்சா அது அழைச்ச மாதிரியே இல்ல" என்றாள். "மாப்பிள்ளைகிட்ட சொல்லு, எங்கயாச்சும் நல்ல வெத்தல பாக்கணும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடம்பெல்லாம் வலி, இடுப்பிலிருந்து கால்வரை ஒரே மரமரப்பு, இதில் வெற்றிலைக்கு அலைய வேண்டுமாம். ஆனால் அலைந்தோம். கடைசியில் ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், வேலி நெடுக வெற்றிலைக் கொடி படர்ந்த வீடு ஒன்று கிடைத்தது. அந்த வீட்டு மாக்சிக், வயதான மலாய் அம்மா, முதலில் எங்களை மிரண்டு பார்த்தார். "அனாக் காவின்" என்று அம்மா தன் அரைகுறை மலாயில் மகளுக்குக் கல்யாணம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. கைகொள்ளாமல் பறித்துக் கொடுத்தார். எதுவும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

அந்தக் கம்பத்தோடு பாதை முடிந்தது. அப்பால் ஒரு மரப்பாலம் இருந்ததாம், வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இனிக் கடற்கரை வழியாகத்தான் போக வேண்டும், அலை இறங்கும் நேரத்தில் ஈர மணல்மேல் ஓட்டினால் போகலாம் என்றார்கள். என் வீட்டுக்காரர் இறங்கி முன்சக்கரங்களில் எதையோ திருகினார், டயரில் காற்றைக் குறைத்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஒரு பக்கம் கடல், சாம்பல் நிறத்தில் கத்திக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் சவுக்கும் தென்னையும் கலந்த தோப்பு. அலை வந்து சக்கரத்தை நனைக்கும்போதெல்லாம் நான் முருகா முருகா என்றேன். அப்பாவின் பெயருக்காக இல்லை, பயத்தில்.

முனைக்குக் கொஞ்ச தூரம் முன்னால் வண்டி மணலில் புதைந்தது. இழுக்க இழுக்க இன்னும் இறங்கியது. நான் தள்ளினேன். என் பலம் தெரிந்ததுதானே. நுரை காலடிக்கு வந்துவிட்டது. அம்மா தட்டைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தோப்புக்குள் போய்த் தென்னை மட்டைகளை இழுத்து வந்தாள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் குனிந்து மணலைக் கையால் தோண்டி மட்டையைச் செருகினாள். பிறகு பின்னால் வந்து தோளைக் கொடுத்தாள்.

"மாப்புள, வச்சிட்டேன். இப்ப மிதிங்க" என்று கத்தினாள்.

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் அவரோடு நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அவர் திகைத்துப்போய் கிளட்சை விட்டுவிட்டார், வண்டி அணைந்துபோனது. இரண்டாவது தடவைதான் ஏறியது.

கலங்கரை விளக்கம் நான் நினைத்த அளவுக்கு உயரமில்லை. பாறைமேல் வெள்ளையடித்த ஒரு தூண், சுண்ணாம்பு உரிந்திருந்தது. பக்கத்தில் தகரக் கூரை போட்ட இரண்டு வீடுகள், ஒரு கொடியில் உலராத துணி. இதற்குத்தானா என்று எனக்கு ஆகிவிட்டது. கைலி கட்டிய ஒரு மலாய்க்காரர் வெளியே வந்தார், அவர்தான் விளக்குக்குப் பொறுப்பு. விஷயத்தைச் சொன்னதும் வீட்டுப் பின்புறம் பார்த்து, "அண்ணே" என்று உரக்கக் கூப்பிட்டார்.

அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். புது வெற்றிலையைத் தட்டில் அடுக்கி, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், வேட்டி துண்டு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். அப்பா போனபோது நான் சின்னப் பெண். அவர் முகம் எனக்குப் பாதி மறந்துவிட்டது. அதனால் ஆள் வரும் காலடிச் சத்தம் கேட்டபோது நான் அவரைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல" என்றாள் அம்மா, மெதுவாக.

பிறகுதான் நான் திரும்பினேன். ஒல்லியான கிழவர், கையில் துடைப்பத்தோடு நின்றிருந்தார். இடது கையில் இரண்டு விரல் பாதிதான் இருந்தது. அவர் தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நீ பெரியவளா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லங்கய்யா. நாங்க வேற ஆளுங்க. வேற ஒருத்தரத் தேடி வந்தோம்" என்றேன். அவர் துடைப்பத்தைப் பிடித்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

என் வீட்டுக்காரர்தான் மெல்லப் பேச்சுக் கொடுத்தார். கிழவர் தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆள். இரண்டு பெண் குழந்தைகளையும் மனைவியையும் விட்டுவிட்டு வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. பெண்கள் இப்போது எவ்வளவு வளர்ந்திருப்பார்கள் என்றுகூடத் தெரியாது. அவர் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா தட்டைக் கீழே வைக்கவில்லை.

"உசுரோட இருக்கேன்னு வீட்டுக்கு ஒரு வார்த்த சொல்லி விட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"ஏன்?"

"கொஞ்ச நாள்ல போலாம்னுதான் இருந்தேன்மா. வெறுங்கையோட போக வெக்கமா இருந்துச்சி. சரி, அடுத்த வருசம்னு விட்டேன். அடுத்த வருசம் வெக்கம் இன்னும் ஜாஸ்தியா போச்சி. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது, சொல்லுங்க."

"வெக்கமா?" என்றாள் அம்மா. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். அம்மா அப்படிப் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"ஒங்களுக்கு வெக்கம்னா நீங்க பாட்டுக்கு வந்து கடலப் பாத்துக்கிட்டு ஒக்காந்துக்குவீங்க. நாங்க எங்க போயி ஒக்காருறது? ஒரு கல்யாண வீட்டுல குங்குமச் சிமிழ நீட்டுனா எடுக்கலாமா வேணாமான்னு கை கூசுது. பொட்டு வச்சா, இன்னும் எதுக்கு வச்சிருக்கேன்னு கேக்குறாளுங்க. வைக்காட்டி, எப்ப செத்தாருன்னு கேக்குறாளுங்க. நான் என்னான்னு பதில் சொல்றது? நோம்பு வந்தா கும்புடுறதா வேணாமா? அழுவுறதா வேணாமா? அழுது தீத்துட்டாவாச்சும் ஒரு வேலை முடிஞ்சிருக்கும். செத்தா செத்தேன்னு சொல்லுங்க, இருந்தா இருக்கேன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்ல ஒங்களுக்கு வாயில்லாமப் போச்சா?"

நான் அவளைத் தடுக்கப் போனேன். என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். கிழவர் எழுந்து நின்று தலையைக் குனிந்தபடி முழுவதையும் கேட்டுக்கொண்டார். நான் உன் புருஷன் இல்லை, என்னிடம் ஏன் இதையெல்லாம் கேட்கிறாய் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மலாய்க்காரர் நைசாக வீட்டுக்குள் போய்விட்டார்.

அம்மா ஓய்ந்ததும் தட்டை அவர் பக்கம் நீட்டினாள். "புடிங்க. தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். முடிஞ்சா வாங்க."

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்துட்டேன். திருப்பித் தூக்கிட்டுப் போவ என்னால ஆகாது."

அவர் தட்டிலிருந்த வேட்டியையும் வெற்றிலையையும் எடுத்துக்கொண்டார். அந்தப் பாதி விரல்களால் எடுக்கும்போது அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் வந்ததே வந்தோம் என்று கலங்கரை விளக்கத்தின் உச்சிவரை ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். மேலேயிருந்து பார்த்தால் எவ்வளவு தூரத்துக்குக் கடல் தெரிகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வரும்போது அம்மா பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாள். மழை ஒழுகியது, வண்டி குலுங்கியது, ஒன்றுக்கும் எழவில்லை. கிரிக் தாண்டிய பிறகுதான் எழுந்து உட்கார்ந்தாள். "அந்தாளுக்காவவும் எவளாச்சும் ஒருத்தி தெலுக் இந்தான்ல பொட்ட வச்சிக்கிட்டு முழிச்சிக்கிட்டு இருப்பா, பாவம்" என்றாள். அதன் பிறகு அப்பாவைப் பற்றி அவள் எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

ஆயர் தாவாரிலிருந்து அடுத்த வாரம் வந்தார்கள். சம்பந்தியம்மா காப்பியைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே, "போனீங்களாமே, இருக்காரா?" என்று கேட்டார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் சாதாரணமாகப் பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்துக்கொண்டே சொன்னார்.

"இருக்காரு. ரூமா ஆப்பில வேலை. லீவு குடுக்க மாட்றான் லா, கவர்மெண்டு வேலை."

லீவு கிடைக்காத கதை தெரியாத தோட்டத்துக் குடும்பம் எங்கள் பக்கத்தில் கிடையாது. சம்பந்தி வீட்டார் தலையாட்டினார்கள். தை மாதம் தாய்மாமனும் அவர் மனைவியும் தாரை வார்த்தார்கள், அம்மா பூவும் பொட்டுமாக மேடையில் நின்றாள். தாலி கட்டி முடியும்வரை அவள் இரண்டு மூன்று தடவை மண்டப வாசலைப் பார்த்ததை நான் கவனித்தேன். யாரும் வரவில்லை.

அதற்கப்புறம் அம்மா ரொம்ப காலம் இருக்கவில்லை. ஒரு நாள் கொட்டகையில் இருந்து நெஞ்சு அடைக்கிறது என்று வந்து படுத்தவள்தான். தெருப் பெண்கள் வந்தார்கள். குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, மூத்தவளான ஓர் அக்கா வாசலுக்கு வந்து நின்றாள். கையில் மஞ்சளும் குங்குமமும் இருந்தது, வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்காரரு இருக்காராம்மா?" என்று கேட்டாள். "தெரிஞ்சாத்தானே பூவு பொட்டு வைக்க முடியும்."

வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். எதற்கும் பதில் வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து உள்ளே போனேன். அம்மாவின் நெற்றியை ஈரத்துணியால் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார்கள்.

"இருக்காரு" என்றேன். "பெருசா வைங்க."